வேலிக்கட்டை சாயாமல் நிற்க: ஊவாத் தோட்டங்களுக்குச் சில கைக்குறிப்புகள்

லயத்துக்கு முன்னால் நாலு பாத்தி போஞ்சியும் லீக்ஸும் போட்டிருந்தாலும் சரி, புது வீட்டோடு கிடைத்த 7 பேர்ச்சில் வாழையும் கத்தரியும் வைத்திருந்தாலும் சரி, நமக்கு முன்னாடியே அறுவடைக்கு வந்து நிற்பது மாடும் காட்டுப்பன்றியும்தான். வேலி கட்டத் தெரியாதவர்கள் நம் பக்கத்தில் யாருமில்லை. கம்பி இழுப்பதும் ஆணி அடிப்பதும் சொல்லித் தர வேண்டிய வேலையா என்ன? காசு வீணாவது கட்டையின் அடியில்தான். வெறும் மண்ணா, கல்லா, கொங்கிரீட்டா, இரும்பா, இல்லை பச்சைக் கம்பே போதுமா என்று இடத்தைப் பார்த்து முடிவு செய்தால் பாதிச் செலவு மிச்சம். எதைத் தேர்ந்தாலும் கட்டையின் அடியில் தண்ணீர் தங்கக்கூடாது, அவ்வளவுதான்.

1. கடைக்குப் போகும் முன் கணக்கைப் போட்டுவிடுங்கள். ஒரு பேர்ச் 272 சதுர அடிக்குச் சற்று மேல். 7 பேர்ச் என்றால் ஏறத்தாழ 1,905 சதுர அடி. காணி சதுரமாக இருந்தால் பக்கத்துக்கு 44 அடி, சுற்றிவர 175 அடி வரும். 8 அடிக்கு ஒன்று வைத்தால் 22 கட்டை போதும்.

2. அந்த 22 கட்டைக்கும் கொங்கிரீட் போட நினைக்காதீர்கள். 1 பங்கு சீமெந்து, 3 பங்கு மணல், 6 பங்கு சல்லி என்று கலந்தால், ஓர் அடி நீள அகலமும் 2 அடி ஆழமும் உள்ள குழிக்கு 50 கிலோ மூட்டை ஒன்று நாலு குழிக்குத்தான் வரும். எல்லாவற்றுக்கும் போட்டால் ஐந்தரை மூட்டை; கேட் கட்டை இரண்டும் மூலைக் கட்டை நாலும் மட்டும் என்றால் ஒன்றரை மூட்டை. இழுவையெல்லாம் இந்த ஆறின் மேல்தான் விழுகிறது, நடுவில் நிற்பவை கம்பியைத் தாங்கிப் பிடித்தால் சரி.

3. அலவாங்கைப் போடும் முன் பீலியிலிருந்து வரும் கறுப்புக் குழாய் எந்தப் பக்கமாகப் புதைந்திருக்கிறது என்று பாருங்கள். பல இடங்களில் அது ஒரு சாண் ஆழத்தில்தான் ஓடும். ஒரு குத்துப் பட்டால் லயம் முழுக்கத் தண்ணீர் நின்றுவிடும், திட்டு முழுக்க நமக்கு வரும்.

4. நில அளவையாளர் போட்ட எல்லைக் கல்லை இடைஞ்சல் என்று பிடுங்கி எறிய வேண்டாம்; கல் அப்படியே இருக்க, அதற்கு உட்பக்கமாகக் கட்டையை வையுங்கள். தோட்டத்துக்குச் சொந்தமான இடமென்றால் நிர்வாகத்திடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், போட்ட வேலியைப் பிடுங்கும் நிலை வராது. பக்கத்து வீட்டாரையும் சேர்த்துக்கொண்டால் நடு வேலிச் செலவு பாதியாகும்.

5. கொங்கிரீட்டா கல்லா என்று குழம்புகிறீர்களா? குழி வெட்டியதும் மாலையில் ஒரு வாளி தண்ணீரை ஊற்றி விட்டுவிடுங்கள். காலையில் வற்றியிருந்தால் கல்லும் மண்ணும் போட்டு இடித்தாலே போதும். தண்ணீர் அப்படியே நின்றால் அது களிமண். குழியை அரை அடி கூடுதலாக வெட்டிச் சல்லி போடுங்கள், முடிந்தால் இடத்தையே கொஞ்சம் தள்ளிப் பாருங்கள்.

6. மொத்த நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் போக வேண்டும். 6 அடிக் கட்டைக்கு 2 அடி உள்ளே, 4 அடி வெளியே. கேட் தொங்கும் கட்டைக்கும் மூலைக் கட்டைக்கும் இரண்டரை அடிக்குக் குறையாமல் வெட்டினால் பிறகு முட்டுக் கொடுக்கும் வேலை குறையும்.

7. மண் போட்டு இடிக்கும் குழியை மம்பட்டியால் அகலமாகத் தோண்டினால் வேலையும் கூடும், பிடியும் குறையும். வெட்டுப்படாத மண்தான் கட்டையைப் பிடிக்கும். அலவாங்கால் நெகிழ்த்தி, சிரட்டையாலோ பழைய டின்னாலோ மண்ணை அள்ளி எடுங்கள். கட்டையைச் சுற்றி அலவாங்கு இறங்க இடமிருந்தால் அதுவே போதுமான அகலம். கொங்கிரீட் போடும் குழி மட்டும் கட்டையின் பருமனைப்போல் மூன்று மடங்கு இருக்கட்டும்.

8. ஆடி, ஆவணியில் கச்சான் அடித்து நிலம் இறுகிக் கிடக்கும்போது மல்லுக்கட்ட வேண்டாம். முதல் நாள் குழிக்குழியாகத் தண்ணீர் ஊற்றி வைத்து மறுநாள் தோண்டினால் பாதி நேரத்தில் வேலை முடியும். சனிக்கிழமை பெரட்டு முடிந்து வந்து தண்ணீர் ஊற்றினால் ஞாயிறு முழுக்க வேலை பார்க்கலாம்.

9. குழியின் அடியில் அரைச் சாண் உயரத்துக்குச் சல்லியோ உடைந்த ஓடோ போட்டு, அதன் மேல் கட்டையை நிறுத்துங்கள். கட்டை வழியே இறங்கும் தண்ணீர் அந்தக் கல்லுக்குள் போய்விடும், மரத்தின் அடி ஈரத்தில் ஊறிக் கிடக்காது. ஊவாவில் கல்லுக்குப் பஞ்சமா? பாத்தி கொத்தும்போது வரும் கல்லையெல்லாம் ஒரு மூலையில் சேர்த்து வையுங்கள்.

10. வெறும் மண்ணில் நடுவதென்றால் எல்லாம் இடிப்பதில் இருக்கிறது. வெட்டிய மண்ணை மொத்தமாகத் தள்ளி மேலே காலால் மிதித்தால் அடியில் பொந்துதான் இருக்கும். அரை அடி மண், சுற்றிவர இடி, மறுபடி அரை அடி மண் என்று போங்கள். அலவாங்கின் மொட்டைப் பக்கத்தால் இடிக்கும்போது முதலில் 'பொத் பொத்' என்று கேட்கும், மண் இறுகியதும் சத்தம் 'டக் டக்' என்று மாறும். அப்போது அடுத்த அடுக்கு. மண் கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கும் ஈரத்தில் இருக்க வேண்டும், சேறாக இருந்தால் எவ்வளவு இடித்தாலும் இறுகாது.

11. ஆப்புக் கல் வைப்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கம்பி எந்தப் பக்கம் இழுக்கிறதோ, கட்டையின் தலை அந்தப் பக்கம் சாயப் பார்க்கும், அடி எதிர்ப் பக்கம் உதைக்கும். ஆகவே இழுக்கும் பக்கத்தில் தரைமட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு பெரிய தட்டைக் கல், எதிர்ப் பக்கத்தில் குழியின் அடியில் இன்னொரு பெரிய கல். இரண்டே கல், சீமெந்து வாசமே வேண்டாம்.

12. இடித்து முடித்ததும் கட்டையைச் சுற்றி மண்ணைச் சிறு மேடாகக் குவித்துவிடுங்கள். ஒரு மழைக்கு அது இறங்கித் தரை சமமாகும். முதலிலேயே சமமாக விட்டால் பள்ளமாகித் தண்ணீர் கட்டும். குப்பை உரத்தையும் மிலாற்றையும் கட்டையோடு ஒட்டிக் குவிக்காதீர்கள்.

13. கொங்கிரீட்டுக்குள் கட்டையை வைப்பவர்கள் அடிப்பக்கத்தையும் சேர்த்து மூடிவிடுகிறார்கள். அப்படி மூடினால் கொங்கிரீட் ஒரு கோப்பையாகிவிடும், உள்ளே இறங்கிய தண்ணீருக்குப் போக்கிடமில்லை, வைரம் பாய்ந்த மரமும் உளுக்கும். சல்லியின் மேல் கட்டையை நிறுத்திச் சுற்றிவர மட்டும் கொங்கிரீட் ஊற்றுங்கள். மேல் விளிம்பு தரைக்கு மேல் 2 அங்குலம் எழும்பி, வெளிப்பக்கம் சரிவாக இருக்கட்டும்.

14. பச்சை மரத்தைக் கொங்கிரீட்டில் வைக்காதீர்கள். காய்ந்து சுருங்கும்போது சுற்றிவர இடைவெளி விழும், மழைத் தண்ணீர் நேரே அதற்குள் இறங்கும். காய்ந்த மரமாக இருந்தாலும் கொங்கிரீட்டும் மரமும் சேரும் இடத்தில் தாரைக் காய்ச்சி ஒரு சுற்று ஊற்றிவிடுவது நல்லது.

15. கொங்கிரீட் போட்ட அன்றே கம்பியை இழுக்கப் பரபரக்க வேண்டாம். இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்து, மேலே ஈரச் சாக்குப் போட்டு ஒரு வாரம் விடுங்கள். கேட் மாட்டுவதை இன்னும் சில நாள் தள்ளிப் போட்டாலும் நட்டமில்லை.

16. கேட் கட்டைக்குக் கொஞ்சம் கூடச் செலவழிக்கலாம் என்றால் வெல்டிங் கடையில் இரண்டு பட்டை இரும்பைத் துளையிட்டு வாங்குங்கள். அவற்றைக் கொங்கிரீட்டில் நிறுத்தி, நடுவில் கட்டையை வைத்து இரண்டு போல்ட் போட்டுவிட்டால் மரம் மண்ணைத் தொடவே தொடாது. கட்டைக்கும் கொங்கிரீட்டுக்கும் நடுவே 2 அங்குலம் விட்டால் போதும். என்றாவது கட்டை பழுதானால் போல்ட்டைக் கழற்றி வேறு கட்டை மாட்டலாம், குழி தோண்டும் வேலை இல்லை. இரும்புக்குச் சிவப்பு ஒக்சைட் பூச மறக்காதீர்கள். கேட்டுக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

17. உடைந்த கொங்கிரீட் வேலித்தூண் கிடைத்தால் எறியாதீர்கள். அதை இரண்டடி புதைத்து, வெளியே நிற்கும் பகுதியோடு மரக்கட்டையைக் கட்டுக்கம்பியால் இரண்டு இடத்தில் இறுக்கிவிடலாம். பார்க்க அழகில்லைதான், ஆனால் காட்டுப்பன்றி அழகு பார்ப்பதில்லை.

18. மரம் வாங்கும்போது வெட்டு முகத்தைப் பாருங்கள்: நடுவில் கறுத்த வைரம் எவ்வளவு, சுற்றி வெளுத்த பகுதி எவ்வளவு என்று. மண்ணுக்குள் நின்று பிடிப்பது வைரம் மட்டுமே. பலா வைரமும் முற்றிய கித்துளின் வெளி ஓடும் நீண்ட காலம் தாங்கும். தோட்டத்தில் மலிவாகக் கிடைக்கும் சவுக்கும், இளம் டர்பன்டைன் கம்பும் மண்ணில் சீக்கிரம் உளுத்துவிடும். அவற்றை மேலே குறுக்குச் சட்டத்துக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

19. வீட்டுப் பின்னால் நிற்கும் பலாவை வேலிக்கென்று வெட்டிவிடாதீர்கள். பலாவும் ஈரப்பலாவும் வெட்டுவதற்கு அனுமதி வேண்டும் என்று 1951 முதலே சட்டம் இருக்கிறது. கிராம சேவகரிடம் கேட்டால் வழி சொல்வார். காய்க்கிற மரத்தைவிட வேலி பெரிதில்லை என்பது வேறு விஷயம்.

20. காய்ந்த கட்டையாக நடுவதென்றால் பட்டையை முழுக்க உரித்துவிடுங்கள். பட்டைக்குள் ஈரமும் பூச்சியும் ஒளிந்திருக்கும். உரித்த கட்டையை நிழலில், தரையில் படாமல் கல் மேல் அடுக்கி ஒன்றிரண்டு மாதம் காய விட்டால் தூக்கவும் லேசாகும்.

21. கட்டை எங்கே உளுக்கிறது என்று பிடுங்கிப் பார்த்திருப்பீர்கள்: அடி நுனியில் அல்ல, தரைமட்டத்தில். ஈரமும் காற்றும் ஒன்றாகக் கிடைப்பது அங்கேதான். எனவே முழுக் கட்டைக்கும் தார் பூசிக் காசைக் கரைக்காமல், தரைக்கு மேலே அரை அடி, கீழே ஓர் அடி என்று அந்தப் பட்டிக்கு மட்டும் இரண்டு தரம் பூசுங்கள்.

22. அடியைத் தீயில் வாட்டிக் கருக்கி நடுவது பழைய பழக்கம். கருகிய தோல் மெல்லியது. நடும்போது உரசினாலோ வெடித்தாலோ உள்ளே பச்சை மரம்தான், அதனால் கருக்கினால் போதும் என்று நம்பியிருக்க வேண்டாம். விறகும் நேரமும் இருந்தால் செய்யுங்கள், இல்லாவிட்டால் பெரிய நட்டமில்லை.

23. பழைய என்ஜின் ஒயிலைக் கட்டைக்கு ஊற்றுவது சும்மா கிடைப்பதால் பிடித்த வழக்கம். மழையில் அது கழுவிக் கீரைப் பாத்திக்கும் பீலித் தண்ணீருக்கும் போகும். சாப்பிடுகிற தோட்டத்தில் வேண்டவே வேண்டாம்.

24. கட்டையின் அடியைப் பொலித்தீன் உறையால் சுற்றிக் கட்டுவதும் வேண்டாம். வெளித் தண்ணீரைத் தடுக்கிறோம் என்று நினைப்போம். உள்ளே இறங்கிய தண்ணீரைத்தான் அது பூட்டி வைக்கும்.

25. குழிக்குள் சில்லு மரம், பழைய வேர், அட்டைப் பெட்டி எதையும் ஆப்பாகச் செருகாதீர்கள், கறையானுக்கு விருந்து வைத்த மாதிரி ஆகும். வேலி ஓரத்தில் பழைய அடிக்கட்டை இருந்தால் முதலில் பிடுங்குங்கள். கட்டையில் மண் கோடு ஏறியிருப்பதைக் கண்டால் அன்றே சுரண்டி விடுங்கள்.

26. மருந்தேற்றிய பழைய கம்பங்கள் சில சமயம் மலிவாகக் கிடைக்கும், வேலிக்கு நல்ல சரக்கு. ஆனால் வெட்டி மிஞ்சிய துண்டையும் தூளையும் அடுப்பில் போடாதீர்கள். பச்சை நிறம் ஏறிய மரத்தில் ஆர்செனிக் இருக்கலாம், புகை நஞ்சு.

27. கட்டையின் தலையைச் சரிவாக வெட்டிவிடுங்கள், தண்ணீர் நிற்காது. லயக் கூரையில் கழற்றிய தகரத்தில் ஒரு துண்டை மடித்துத் தொப்பியாக ஆணி அடித்தால் இன்னும் நல்லது. ஓரத்தை உள்ளே மடித்துவிடுங்கள், பிள்ளைகள் கை வைக்கும்.

28. இத்தனை வில்லங்கமும் வேண்டாம் என்றால் உயிர்க்கம்பு நடுங்கள். யாழ்ப்பாணத்தார் பூவரசிலும் கிளுவையிலும் கதியால் போடுவதுபோல் நமக்குக் கிளிசரிடியா இருக்கிறது. வேர் விட்ட கம்பு உளுக்காது, கறையான் தின்னாது, வருடம் போகப் போகப் பிடி கூடும். வெட்டிய தழை பாத்திக்கு உரம், வாட வைத்தால் ஆட்டுக்குத் தீனி, தடித்த கொம்பு அடுப்புக்கு. தேயிலை, இறப்பர், தெங்குக்கு அடுத்த நாலாவது பெருந்தோட்டப் பயிர் என்று அரசே ஏற்றுக்கொண்ட மரம் இது. வேலியில் சும்மா நிற்பதால் நாம்தான் மதிப்பதில்லை.

29. உயிர்க்கம்பு நடும் காலம் ஐப்பசி மழை தொடங்கும்போது. தை வரைக்கும் மழை கிடைப்பதால் தண்ணீர் ஊற்றும் வேலை இல்லை. மணிக்கட்டுப் பருமனில், பட்டை முற்றிய கொம்பாக 6 அடிக்கு வெட்டி, ஒன்றிரண்டு நாள் நிழலில் சாய்த்து வைத்து நடுங்கள். வெட்டும்போதே அடியைச் சரிவாகவும் தலையை நேராகவும் வெட்டினால் தலைகீழாக நடும் பிழை வராது. அடிப் பட்டையில் கத்தியால் நாலைந்து கீறல் போட்டால் வேர் சுலபமாகக் கிளம்பும்.

30. கம்பைத் தலையில் அடித்து இறக்காதீர்கள், பிளந்தால் காய்ந்துவிடும். அலவாங்கால் ஒன்றரை அடிக்குத் துளை போட்டு, கம்பை நிறுத்தி, மண்ணை இறுக்கினால் சரி. தளிர் வந்த உடனே கம்பி இழுக்க வேண்டாம், வேர் நன்றாகப் பிடிக்கும் வரை காய்ந்த கட்டைகள் பாரத்தைத் தாங்கட்டும்.

31. இடத்தின் உயரத்தையும் பாருங்கள். ஏறத்தாழ 680 மீற்றரில் இருக்கும் பதுளை நகரத்துக்கும், பசறை, மொனராகலைப் பக்கத்துக்கும் கிளிசரிடியா நன்றாக வரும். 1,200 மீற்றரைத் தாண்டிய பண்டாரவளையிலும் அதைவிட உயரமான அப்புத்தளையிலும் குளிருக்குச் சோம்பி நிற்கும். அங்கே தேயிலைக்கு நிழலாக வைக்கும் முள்முருங்கைக் கம்பை நாலைந்து வைத்துப் பார்த்துவிட்டு முழு வேலிக்கும் போகலாம்.

32. உயிர்க்கம்பில் முட்கம்பியை நேரே ஆணி அடித்தால் மரம் பருத்துக் கம்பியை விழுங்கிவிடும், பிறகு கம்பியைக் கழற்ற முடியாது. நடுவில் ஒரு சிறு பலகைத் துண்டை வைத்து அடியுங்கள். மரம் பருத்தால் துண்டுதான் தள்ளிப் போகும்.

33. சரிவில் கட்டை நிலத்துக்குச் செங்குத்தாக அல்ல, வானத்துக்கு நேராக நிற்க வேண்டும். நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டுப் பாருங்கள். ஆழத்தைப் பள்ளப் பக்கத்தில் அளக்க வேண்டும், மேட்டுப் பக்கத்தில் அளந்தால் அரை அடி ஏமாந்துவிடுவோம். கல்கட்டின் விளிம்பிலும் வெட்டிய மண்சுவரின் ஓரத்திலும் குழி தோண்டாமல், குறைந்தது குழியின் ஆழமளவு உள்ளே தள்ளி நடுங்கள்.

34. எந்தக் காரணத்துக்காகவும் கானுக்குள் கட்டை நடாதீர்கள், கானை மண் போட்டு மூடாதீர்கள். தோட்டத்தில் கான் வெட்டியவர்களுக்கு அது ஏன் அந்த இடத்தில் ஓடுகிறது என்று தெரியும். தண்ணீர் வழி மாறினால் நம் வேலி மட்டுமல்ல, கீழ் வரிசை லயத்தின் சுவரும் போகும்.

35. தகரத்தாலோ பலகையாலோ முழுக்க அடைத்த வேலியைக் கச்சான் காற்று ஒரே தள்ளாகத் தள்ளும். பலகைக்குப் பலகை இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். தகரம்தான் என்றால் கட்டையை 6 அடிக்கு ஒன்றாக நெருக்கி, அரை அடி ஆழம் கூட்டுங்கள்.

36. காட்டுப்பன்றி பெரும்பாலும் மேலே தாவப் பார்க்காது, அடியில் மூக்கை விட்டுக் கிளப்பும். கீழ்க் கம்பியைத் தரையிலிருந்து அரை அடிக்குள் இழுத்து, வேலி அடியில் பெரிய கற்களை வரிசையாகப் பாதி புதைத்து வையுங்கள். வீட்டுக் கரண்டை வேலியில் கொடுப்பது சட்டவிரோதம், செத்துப் போவது பன்றி மட்டுமல்ல, மனிதரும்தான். சுருக்குக் கம்பியும் வேண்டாம், தேயிலை மலையில் சிறுத்தைகள் அதில்தான் மாட்டிச் சாகின்றன.

37. புரட்டாதியில், மழைக்கு முன், ஒரு ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு வேலியைச் சுற்றி வாருங்கள். தரைக்குக் கீழே இரண்டு அங்குல மண்ணை விலக்கிக் குத்திப் பாருங்கள். இறங்காவிட்டால் நல்ல கட்டை. சுலபமாக உள்ளே போனால் மழைக்கு முன்பே பக்கத்தில் ஒரு குட்டைக் கட்டையை இடித்து இறக்கி இரண்டையும் சேர்த்துக் கட்டிவிடலாம், வேலியைக் கழற்ற வேண்டியதில்லை.

38. கடைசியாக ஒன்று, இது காசு மிச்சம் பிடிக்கிற குறிப்பு இல்லை. ஒரு கட்டை சாய்ந்தால் அடி உளுத்திருக்கும் அல்லது மாடு உரசியிருக்கும். நன்றாக நட்ட கட்டைகள் வரிசையாக ஒரே பக்கம் சாய்ந்தாலோ, இறுகியிருந்த கம்பி ஓரிடத்தில் தொய்ந்து இன்னோரிடத்தில் வீணைத் தந்தியாக இறுகினாலோ, நிலமே நகர்கிறதா என்று பார்க்க வேண்டும். நிலத்தில் புது வெடிப்பு, மரங்களின் சாய்வு, இல்லாத இடத்தில் ஊற்று, இருந்த ஊற்றில் கலங்கல் தண்ணீர் என்று எது சேர்ந்து வந்தாலும் கட்டையை நிமிர்த்திக்கொண்டு நிற்காதீர்கள். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியதையும், 2025 நவம்பரில் டித்வா புயல் மழையில் பதுளை மாவட்டத்தில் மலைகள் சரிந்ததையும் நாம் மறக்க முடியாது. பிள்ளைகளையும் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு முதலில் வெளியேறுங்கள், கிராம சேவகருக்குச் சொல்லுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. இப்போதே கைபேசியில் பதிந்து வைத்துவிடுங்கள்.